எஃப்எட்டு கண்டுபிடிக்காத பெட்டி

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எஃப்எட்டு என்றால்தான் தெரியும். பழைய கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற மனிதர். ஒரு காலத்தில் யார் போன் செய்து, "அண்ணே, கம்ப்யூட்டர் அப்படியே நின்னுபோச்சு" என்று புலம்பினாலும் முழுக் கதையையும் கேட்க மாட்டார். "அணைச்சுட்டு மறுபடி போடுங்க. எழுத்து வர்றதுக்குள்ள எஃப்எட்டு பட்டனை அழுத்துங்க. விடாதீங்க, அழுத்திக்கிட்டே இருங்க" என்பார். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். மீதிப் பேர் பெட்டியைச் சுமந்துகொண்டு கடைக்கு வருவார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. "பல்லு வலிக்குதுன்னு போய் நின்னாக்கூட எஃப்எட்டு அழுத்தச் சொல்வாரு" என்று பக்கத்துக் கடை மொபைல்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கை சுத்தம், நேர்மை, பொறுமை எல்லாம் உண்டு. வாய் மட்டும் ஓயாது. மதர்போர்டைத் தடவிக்கொண்டே பேசுவார், ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டும் பேசுவார். வாடிக்கையாளர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரோடு பேசுவார். "ஏன்டா, நேத்து வரைக்கும் இந்த பிரிண்டரோட கொஞ்சிக் குலாவிட்டு இன்னைக்கு ஆளையே தெரியாதுங்கிறே?" என்று திட்டுவார். இத்தனை பேச்சையும் உட்கார்ந்து கேட்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அது அவர் மனைவி.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். ஒரு சுவரோரம் அவருடைய நீள மேசை. அதன்மேல் வயிறு திறந்து கிடக்கும் பெட்டிகள், எந்த வாயில் எது நுழையும் என்று அவருக்கு மட்டும் தெரிந்த கேபிள்கள். எதிர்ப் பக்கம் ஜன்னலடியில் மனைவியின் தையல் மெஷின். பள்ளிச் சீருடை, தலையணை உறை, கால்சட்டை சுருக்குவது என்று அவளுக்கும் ஓயாத வேலை. மெஷினை மிதித்துக்கொண்டே அவர் பேச்சுக்கு "அப்புறம்?" போடுவாள். அந்த ஒரு வார்த்தை போதும், அவர் இன்னொரு கதையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். கதை பெருமையடிப்பில் முடிகிற மாதிரி தெரிந்தால் மனைவி காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவாள். "இப்பக் கழட்டி வெச்சிருவேன், பாத்துக்கோங்க" என்பாள். கழற்றியும் வைத்திருக்கிறாள், பல தடவை. அவரும் அசராமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் கழற்றி வைப்பது காதைத்தான். கல்யாணமான புதிதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவள் அவள். உயிர் தங்கியது, காது கேட்பது போய்விட்டது. அப்புறம் ஆபரேஷன் செய்து மண்டைக்குள் ஒரு கருவியைப் பதித்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டுகிற வெளி மெஷின் சத்தத்தைப் பிடித்து மின்சாரமாக்கி உள்ளே அனுப்பும். யாருக்கு எந்தச் சத்தத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்று ஆளுக்கு ஆள் அளவு எடுக்க வேண்டும், சட்டைக்கு எடுப்பது போலத்தான். செவித்திறன் மையத்தில் இருந்த அம்மையார், எல்லாரும் அவரைக் காது டீச்சர் என்பார்கள், பொறுமையாக உட்கார்ந்து அந்த அளவை எடுத்து வெளி மெஷினில் ஏற்றினார். முதன்முதலாக அதைப் போட்டபோது எஃப்எட்டு என்ன சொல்லியிருப்பார்? கண்ணே மணியே என்றா? "ஆன் ஆயிடுச்சா?" என்றுதான் கேட்டார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "தகர டப்பாக்குள்ள தவளை பேசற மாதிரி இருக்கு" என்றாள். நாளாக ஆக அந்தத் தவளைக் குரலே அவளுக்குப் புருஷன் குரலாகிவிட்டது.

அந்தக் கருவியைச் செய்த கம்பெனி இழுத்து மூடப்பட்டு எவ்வளவோ காலமாகிறது. வேறு கம்பெனிக் கருவியை மாற்றி வைக்கவும் வழியில்லை. காய்ச்சல் கண்ட உள்காது கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக இறுகிவிட்டது என்றும், இருப்பதை வெளியே எடுத்தால் புதியது நுழைய இடம் கிடைக்காது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, அந்த வெளி மெஷின் ஓடுகிற வரைதான் அவளுக்குக் காது.

அந்த மெஷின்தான் இப்போது மக்கர் செய்ய ஆரம்பித்தது. நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு வார்த்தை காணாமல் போகும். பிறகு ஒரு வாக்கியம். அவர் பிரித்துப் பார்த்தார், துடைத்தார், ஒயரை மாற்றினார். உள்ளே சில்லுக்கே வயதாகிவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்துவிட்டது, அவர் அன்றைக்கு அதிசயமாகப் பேசாமல் இருந்தாரே.

மையத்துக்கு ஓடினார்கள். காது டீச்சர் ஓய்வு பெற்று, மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம். இப்போது இருப்பவர் கைகூப்பாத குறையாகப் பேசினார். "அந்த மாடல் எங்களுக்கெல்லாம் தெரியாதுங்க. அவங்களோட பழைய கம்ப்யூட்டர் ஸ்டோர்ல கிடக்குது. பிரிக்காத மாற்று மெஷின் ஒண்ணும் அதோடயே இருக்கு. வேணும்னா எல்லாத்தையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார். எஃப்எட்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மனைவியின் அளவு அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் பத்திரமாக இருக்கிறது. அதை, கூடவே கிடந்த இணைப்புப் பெட்டி என்ற ஒரு சின்னப் பெட்டி வழியாக மாற்று மெஷினில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது கவலை. பழைய கம்ப்யூட்டர், பழைய விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. அவருடைய சொந்த மண் அது!

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேச்சுத்தான். "பாரு, ஊரே இதைக் குப்பைன்னு தூக்கிப் போட்டுச்சு. கடைசியில யார் கைக்கு வந்திருக்கு? ஒரு சாயங்காலம் போதும்மா எனக்கு."

"அப்புறம்?" என்றாள் அவள்.

எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் குளிப்பாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடுவார். அதில் சமரசமே கிடையாது. தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மெமரியின் பித்தளை நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, கடைசியாக மதர்போர்டில் காசு மாதிரி உட்கார்ந்திருக்கும் சின்ன பேட்டரியை மாற்றுவார். கரண்ட் இல்லாதபோதும் தேதியையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அது செத்தால் பெட்டி ஒவ்வொரு முறையும் எங்கோ பழைய தேதியில் கண் விழிக்கும். "ஆஸ்பத்திரியில மயக்கம் தெளிஞ்சவன்கிட்ட முதல்ல என்ன கேக்கறாங்க? இன்னைக்கு என்ன தேதின்னு கேக்கறாங்க. அது சரியா வந்தாத்தான் மத்த வைத்தியம்" என்று எல்லாரிடமும் சொல்வார்.

குளிப்பாட்டும் முன் ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். பெட்டி கீச்சென்று ஒரு சத்தம் போட்டு, தேதி தொலைந்துவிட்டது என்று எழுதிக் காட்டி, பழைய வருஷம் ஒன்றில் போய் நின்றது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இங்க வந்து பாரும்மா, இவரு இன்னும் நம்ம கல்யாணத்துக்கு முன்னாலயே இருக்காரு!"

அவள் தைப்பதை விட்டுவிட்டு எழுந்து வந்து பார்த்தாள். "அப்ப எனக்குக் காது நல்லாக் கேக்குமே. அப்படியே விட்டுடுங்க" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் பேட்டரியை மாற்றி, தேதியையும் நேரத்தையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக வைத்தார். இணைப்புப் பெட்டிக்குக் கேபிளைச் செருகி, காது டீச்சரின் புரோகிராமைத் திறந்தார். இணைப்புப் பெட்டியில் பச்சை விளக்கு ஒருமுறை படபடவென்று மின்னி, பிறகு நிலையாக எரிந்தது. "பாத்தியா, உயிர் இருக்கு!" என்று கைதட்டினார். திரையில் ஒரு வரி வந்தது. இணைப்புப் பெட்டி கண்டறியப்படவில்லை.

இதெல்லாம் அவருக்கு ஒரு விஷயமா? பழைய விண்டோஸ் பக்கத்தில் இருப்பதையே தெரியாது என்று சொல்லும், நாம்தான் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். டிவைஸ் மேனேஜரைத் திறந்தார். கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த உறுப்புகளையெல்லாம் வரிசையாகச் சொல்கிற இடம் அது. சீரியல் போர்ட்டுக்கு எதிரே மஞ்சளாக ஓர் ஆச்சரியக்குறி நின்றது. இணைப்புப் பெட்டியின் கேபிள் நுழைவது அந்த ஓட்டையில்தான். "மாட்டிக்கிட்டான் பாரு" என்றார். பழைய மோடம் கார்டு ஒன்று அதே இடத்துக்கு உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தது. மோடத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். மஞ்சள் குறி போயே போய்விட்டது. "டெய்லரம்மா, காதைத் தயாரா வெச்சுக்கோங்க!" என்று கத்தினார். அவள் மாற்று மெஷினை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புரோகிராம் திறந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அதே வரி வந்தது.

அதற்கப்புறம் அவர் செய்யாதது ஒன்றும் பாக்கியில்லை. டிரைவரை, அதாவது பெட்டியோடு எப்படிப் பேசுவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற குட்டி புரோகிராமை, அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். கேபிளின் ஒவ்வொரு முனையையும் மீட்டர் வைத்துச் சோதித்தார். போர்ட்டின் இரண்டு முள்ளை ஒரு கம்பியால் இணைத்து, அனுப்பிய எழுத்து அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அப்படியென்றால் போர்ட் நல்லது, கேபிள் நல்லது, பெட்டிக்கும் கரண்ட் போகிறது, விளக்கு எரிகிறதே! கேட்டால் மட்டும் பதில் இல்லை. அலமாரியில் வைத்திருந்த இன்னொரு பழைய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டார். அங்கேயும் அதே வரி. எஃப்எட்டு அழுத்தியும் பார்த்தார். சிரிக்காதீர்கள், மனுஷன் வேறு என்ன செய்வார்?

மண்டை காய்ந்தது. சாப்பாடு இறங்கவில்லை. மேசையடியில் தவழ்ந்துகொண்டு, "என்னடா உனக்குக் கேடு? என்ன பாவம் செஞ்சேன் உனக்கு?" என்று பெட்டியிடம் கெஞ்சினார். வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பினார். ஜன்னலடியில் தையல் மெஷின் ஓடும், நிற்கும். நின்றால் அவருக்குத் திக்கென்றிருக்கும், திரும்பிப் பார்ப்பார். அவள் காதுக்குப் பின்னால் விரலால் தட்டிக்கொண்டிருப்பாள். "வந்துடுச்சு, வந்துடுச்சு, நீங்க பாருங்க" என்பாள். முன்பு வார்த்தைகள் போயின, இப்போது முழுப் பேச்சும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

மொபைல்காரருக்கு இந்தக் கண்றாவியைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கிண்டலெல்லாம் மறந்துபோய், போனில் எங்கெங்கோ துழாவி, காது டீச்சரின் மகனைக் கண்டுபிடித்து, அவர் மூலம் டீச்சரையே பிடித்துவிட்டார். "அண்ணே, லைன்ல இருக்காங்க" என்று மூச்சிரைக்க ஓடிவந்து போனை எஃப்எட்டின் கையில் திணித்தார். மதியம், தெரு நல்ல வெயிலில் கிடந்தது. உள்ளே தையல் மெஷின் சத்தத்தில் பேச முடியாது என்று எஃப்எட்டு வாசலுக்கு வந்தார்.

டீச்சருக்கு மனைவியை நன்றாக நினைவிருந்தது. எப்படியிருக்கிறாள் என்று அன்பாகக் கேட்டார். எஃப்எட்டு கொட்டித் தீர்த்தார். மோடம், போர்ட், டிரைவர், கேபிள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "தேதியைத் தொடலையே நீங்க?" என்றார்.

"எந்தத் தேதி?"

"கம்ப்யூட்டர் தேதிதாங்க. அந்தச் சின்ன பேட்டரி செத்துக் கிடக்குமே. அதை மாத்தலையே?"

"மாத்தினேன்" என்றார்.

பிறகு டீச்சர் சொன்னது இவ்வளவுதான். அந்தக் கம்பெனி ஒவ்வொரு வருஷமும் மையங்களிடம் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ளச் சொல்லும். கம்பெனி மூடியபிறகு புதுப்பிக்க ஆளில்லை. கெடு தாண்டிய தேதியைப் பார்த்துவிட்டால் புரோகிராம் நேராக இணைப்புப் பெட்டிக்குள் ஒரு பூட்டைப் போட்டுவிடும். அதற்கப்புறம் எந்தக் கம்ப்யூட்டர் கூப்பிட்டாலும் அது வாயைத் திறக்காது. "என்கிட்ட ரெண்டு இணைப்புப் பெட்டி இருந்துச்சு. ஒண்ணு அப்படித்தான் போச்சு. அதுல பட்டதுக்கு அப்புறம்தான் பேட்டரியை வேணும்னே சாக விட்டு வெச்சேன். தினமும் காலையில அது பழைய வருஷத்துலயே எழுந்திருக்கும். நானும் அதுக்கு ஏத்த மாதிரி வேலை பார்த்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

"எச்சரிக்கை ஒண்ணும் வரலையேம்மா..."

"வராது. பச்சை லைட் ஒரு தடவை படபடன்னு மின்னும். அதுதான் பூட்டுப் போடறது."

"இப்பத் தேதியைப் பின்னால தள்ளி வெச்சா?"

"பூட்டு போட்டது போட்டதுதாங்க. எடுக்கணும்னா கம்பெனிதான் எடுக்கணும்." டீச்சர் வருத்தத்தோடு தொடர்ந்தார். "வேற எங்கேயும் பெட்டி இருக்கிறதா எனக்குத் தெரியல. போறப்ப நான் யாருக்காவது சொல்லிட்டுப் போயிருக்கணும். யாரும் அதைத் தொடப் போறதில்லேன்னு நெனச்சுட்டேன்."

போனை மொபைல்காரரிடம் கொடுத்தார். எஃப்எட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அப்படியே விட்டுடுங்க என்றாளே! அவள் வாயால் சொன்னாளே! விளையாட்டாகச் சொன்னாலும் சொன்னது அதுதானே. துடைத்து, தேய்த்து, ஒழுங்காக வைத்து, கைதட்டி, அவளுடைய காதை நாமே பூட்டிவிட்டோமே என்று மார்பில் குத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கவனக்குறைவால் செய்திருந்தாலாவது மனசு ஆறும். வாழ்நாள் முழுக்க எதை நல்ல பழக்கம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரோ அதனாலேயே செய்துவிட்டார்.

உள்ளே போனார். அவள் ஒரு சீருடைக் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அவர் முகம் அவளிடம் எதையும் மறைத்ததில்லை. எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். பேட்டரி, தேதி, பச்சை விளக்கு, பூட்டு. "நான்தான்மா கெடுத்துட்டேன். நான் மட்டும்தான். இனிமே வழியே இல்ல" என்றார். தேம்பிவிட்டார்.

அவள் காலரை மடியில் வைத்தாள். வெகு நேரம் அதன் ஓரத்தையே நீவிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் நிறைந்து கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. கோபம் வந்ததா என்றால், வந்தது. "ஒரு பெட்டியையாவது தொடாம இருக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவள் ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்தாள். "பாதி காதுல விழல, பாதி விழுந்துச்சு. புரிஞ்சிடுச்சு, திரும்பச் சொல்ல வேணாம்" என்றாள். "வேற ஏதாவது பேசுங்க."

"என்ன பேச?"

"என்னமோ பேசுங்க. இது ஓடுற வரைக்கும் கேட்டுக்கறேன். வாய் வலிக்கும்னு கவலையா?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஊர்க்கதை, உலகக்கதை, எந்தக் கடைக்காரன் எந்தக் கேபிளை எதில் செருகிக் கோமாளியானான் என்ற கதை, அத்தனையும் எங்கே போய்த் தொலைந்தன? அவள் காத்திருந்தாள். காதுக்குப் பின்னால் விரல் தட்டியபடியே இருந்தது.

மேசைமேல் அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டிவைஸ் மேனேஜர் திறந்தபடி இருந்தது. வேறு போக்கிடம் இல்லாமல் அவர் அதைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார்.

"கீபோர்டு இருக்கு."

"அப்புறம்?"

"மவுஸ் இருக்கு. மானிட்டர் இருக்கு. பழசுதான், ஆனா நல்லா வேலை செய்யுதாம்."

"அப்புறம்?"

"சவுண்ட் கார்டு இருக்கு." திரையில் விரலைக் கீழே நகர்த்தினார். "ஃப்ளாப்பி இருக்கு, அதை யாரு இப்பத் தேடறாங்க? சீரியல் போர்ட் இருக்கு. மஞ்சள் குறி ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?" வரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் விரல் தட்டுவதை நிறுத்திவிட்டு மடியில் கையை வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டூலை அவள் பக்கம் நன்றாகத் திருப்பிப் போட்டு, அவளுக்கு உதடு தெரிகிற மாதிரி, அடுத்த வரியை மெதுவாகப் படித்தார்.